கிளினிக் வாங்கில் இருக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு

மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலும் தலைப்பிள்ளைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளே,

தலைமன்னாரில், பேசாலையில், எருக்கலம்பிட்டியில், தாராபுரத்தில், பள்ளிமுனையில், பாலம் தாண்டினால் வங்காலையில், அரிப்பில், விடத்தல்தீவில் என்று எங்கோ ஒரு கிளினிக் வாங்கில் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பீர்கள். உங்களில் பலரை எனக்குத் தெரியாது. சிலரின் தாய்மாரைப் படிப்பித்திருப்பேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன மாதம் அயல்வீட்டுப் பிள்ளை ஒருத்தி, ஐந்து மாதம், போனை என் முன்னால் நீட்டி, "ரீச்சர், இதில எந்த வகுப்பில சேரலாம்?" என்று கேட்டாள். ஒன்று சென்னையிலிருந்து சூமில் நடக்கிறது. இன்னொன்று கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையின் சனிக்கிழமை வகுப்பு. மூன்றாவது லண்டனில் இருக்கும் மச்சாள் அனுப்பியது. மூன்றுக்கும் காசு. மூன்றிலும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு பெண் பெரிய பந்தின் மேல் சிரித்துக்கொண்டு இருக்கிறாள். "உன்ர கிளினிக்கில வைக்கிற வகுப்புக்குப் போனியா?" என்று கேட்டேன். "அது சும்மா வகுப்புத்தானே ரீச்சர்" என்றாள்.

சும்மா என்றால் காசில்லாமல் என்றும் கருத்து, ஒன்றுக்கும் உதவாது என்றும் கருத்து. அவள் எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பாள்.

என் மூத்தவள் 1991இல் பிறந்தாள். அப்போது நாங்கள் மடுக் கோயிலைச் சுற்றித் தறப்பாள் கொட்டில்களில் இருந்தோம். முந்தின வருடம் யூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் தீவிலிருந்தும் கரையிலிருந்தும் சனம் அள்ளுப்பட்டுப் போய் மாதாவின் காலடியில் விழுந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது. பூவில் மகரந்தச் சேர்க்கை நடப்பதைக் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்தவள். என் உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு விடியப்புறம் பாய் நனைந்திருந்தது. சிறுநீர் போய்விட்டதாக்கும் என்ற வெட்கத்தில் உடுப்பைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு ஒருவருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டேன். பின்னேரம் அடுத்த கொட்டில் ஆச்சி என்னை உற்றுப் பார்த்து விசாரித்துவிட்டு, "எடி விசரி, பன்னீர்க்குடமெல்லோ உடைஞ்சிருக்கு!" என்று கத்தினபோதுதான் விளங்கியது. பிள்ளை பிறந்தது, அழுதது, நான் மூச்சு விட்டேன். அப்போது மருத்துவிச்சி "இன்னும் கிடக்கு பிள்ளை, முக்கு" என்றார். இரட்டையோ என்று நடுங்கிப்போனேன். நஞ்சுக்கொடி என்று ஒன்று பின்னால் வரும் என்பதைக்கூட ஒருவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. இப்போது இதைச் சொன்னால் மகள்மார் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களுக்கு அந்த நிலை இல்லை. கர்ப்பம் என்று பதிந்த கையோடு எச்-512 என்ற பதிவேடு உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். நாடு முழுவதும் உள்ள ஏற்பாட்டின்படி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை பிள்ளைப்பேற்று வகுப்பை மூன்று தடவை வைக்கவேண்டும், கருக்காலத்தின் மூன்று பருவத்துக்கும் ஒவ்வொன்றாக. கணவனையும் கூட்டிவரச் சொல்கிறார்கள். இது ஒரு நாளில் முளைத்த ஏற்பாடு அல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஊருக்குள் போய்ப் பார்க்கும் மருத்துவிச்சி முறை அதிலிருந்து வளர்ந்தது. 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு இது. இன்று அந்தக் கணக்கு முப்பதை அண்டி நிற்கிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார். அது வைத்தியம் படித்த ஆண்பிள்ளைகளுக்கு. பெறுகிற பெண்ணை இருத்தி வைத்து அவளுக்கே சொல்லவேண்டும் என்று தோன்ற அதற்குப் பிறகும் வெகுகாலம் எடுத்தது. நீங்கள் "சும்மா" என்கிற அந்த வகுப்பு அவ்வளவு பிந்தி வந்த ஒன்று.

காசு கட்டிய வகுப்பைப் பற்றியும் பேசுகிறேன். என் பெறாமகள் ஒருத்தி சென்னைச் சூம் வகுப்பில் சேர்ந்தாள். நல்ல வகுப்பு. படிப்பித்த பெண்ணின் பொறுமையை நான் மெச்சினேன். மூச்சை எப்படி விடுவது, முதுகை யார் எப்படித் தடவுவது, பந்தில் எப்படி அசைவது, முதுகில் ஊசி போட்டு வலியை மரக்கச் செய்வது எப்போது, எல்லாம் வடிவாகக் கொப்பியில் எழுதினாள். காசு கட்டிப் படிக்கிறேனே என்று கிளினிக் வகுப்புக்குப் போகவில்லை. நாள் வந்தது. அவள் போன விடுதியில் பந்து இல்லை. முதுகைத் தடவப் பழகியிருந்த கணவன் வெளி வாசலில் நின்றான். ஊசியைப் பற்றிக் கேட்டதற்கு மிஸ்ஸி சிரித்துவிட்டுப் போய்விட்டார். பிள்ளையும் தாயும் சுகம். ஆனால் வீட்டுக்கு வந்து அவள் சொன்னது: "சின்னம்மா, எனக்கு எல்லாம் பிழைச்சுப்போச்சு எண்டு நினைச்சு அழுதனான்." ஒன்றும் பிழைக்கவில்லை. வேறொரு வீட்டுக் குசினிக்குப் பழகிவிட்டுத் தன் வீட்டு அடுப்படியில் போய் நின்றாள், அவ்வளவுதான்.

இந்த வகுப்புகள் பிறந்த இடத்தையும் தெரிந்து வையுங்கள். பயம் உடம்பை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது என்று இங்கிலாந்தில் கிரான்ட்லி டிக்-ரீட் என்ற வைத்தியர் எழுதினார். பிரெஞ்சு வைத்தியர் பெர்னான்ட் லமாஸ் 1951இல் சோவியத் நாட்டுக்குப் போய்ப் பார்த்த முறையைப் பாரிசுக்குக் கொண்டுவந்தார். மூச்சுப் பயிற்சி உலகமெல்லாம் அவர் பெயரில்தான் போனது. டிக்-ரீட்டின் கருத்தைப் பின்பற்றி லண்டனில் 1956இல் தாய்மார் சங்கம் ஒன்று அமைந்தது. உங்கள் மச்சாள்மார் காசு கட்டிப் போகிற வகுப்புகளில் பெயர்பெற்றது அந்தச் சங்கத்தின் வகுப்புத்தான். அங்கும் அரச வைத்தியசாலை வகுப்பு இலவசம் என்பதை மச்சாள் சொல்லியிருக்கமாட்டாள்.

இவற்றால் பலன் உண்டா? டென்மார்க்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்குப் பிடிக்கும், அது பெரிதாக ஒன்றையும் பீற்றிக்கொள்ளவில்லை என்பதால். மூன்று மணித்தியாலம் வீதம் மூன்று வகுப்பு. போனவர்கள் வலி நன்றாகப் பிடித்த பிறகு வைத்தியசாலைக்கு வந்தார்கள், முதுகு ஊசியைக் குறைவாகக் கேட்டார்கள். பிரசவம் நடந்த விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது வகுப்பு வலியை எடுக்காது. எது வலி, எப்போது வெளிக்கிடுவது என்று தெரியவைக்கும்.

அந்த "எப்போது" என்பதில்தான் ஊர் குறுக்கே வருகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வயிற்றுக்குத்து வரும்வரை வீட்டில் இருங்கள், குளியுங்கள், பாட்டுக் கேளுங்கள் என்று காசு கட்டிய வகுப்பில் சொல்வார்கள். பத்து நிமிடத்தில் வைத்தியசாலை இருக்கிறவளுக்கு அது நல்ல புத்தி. தலைமன்னார்த் துறையடியில் இருக்கிறவளுக்கு நகரம் முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. இலுப்பைக்கடவையிலோ, சிலாவத்துறைக்கு அங்கால் கொண்டச்சியிலோ இராப் பதினொரு மணிக்கு பஸ் இல்லை. மாரியில் வெள்ளம் றோட்டை மூடினால் கணக்கு இன்னொன்று. சிக்கல் என்று மன்னாரிலிருந்து வவுனியாவுக்கு அனுப்ப நேர்ந்தால் இன்னும் எண்பது கிலோமீற்றருக்குக் கிட்ட இருக்கிறது. உங்களுக்கு எத்தனையாவது நிமிடம் என்பதை சென்னையும் லண்டனும் சொல்லமுடியாது. உங்கள் ஒழுங்கையைத் தெரிந்த, முந்தின பிள்ளைத்தாய்ச்சி எந்த மழையில் எந்த ஓட்டோவில் போனாள் என்று தெரிந்த ஒருவர்தான் சொல்லலாம். கிளினிக் வகுப்பில் முன்னால் நிற்கிறவர் அவர்தான். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தையும் அவரிடமே கேளுங்கள்: உங்கள் பக்கத்துக்கு வண்டி எங்கிருந்து வரும், எவ்வளவு நேரம் எடுக்கும் என்று. அந்தச் சுவசெரிய வண்டி 2018இல் வடக்குக்கு வந்தது. அழைப்பும் இலவசம், பயணமும் இலவசம்.

ஆகவே அயல்வீட்டுப் பிள்ளைக்கு நான் சொன்னது இது. நீ பெறப்போகிற பிரசவ அறையைக் கண்ணால் கண்ட ஒருவர் படிப்பிக்கிற வகுப்புக்கு முதலில் போ. மிச்சக் காசும் நேரமும் இருந்தால் மற்றதற்கும் போ. மூச்சுப் பயிற்சி ஒருவரையும் கெடுக்காது. எந்த வகுப்பானாலும் சேர முதல் ஒன்றைக் கேள்: இந்த வைத்தியசாலையில் என்னோடு யாரை உள்ளே விடுவார்கள்? பதில் தெரியாதவரிடம் காசு கட்டாதே.

அந்தக் கேள்வி சின்னக் கேள்வி அல்ல. தாய் விரும்பும் ஒருவர் பிரசவ நேரம் முழுக்க அருகில் இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் எழுதிய வழிகாட்டலில் இருக்கிறது. அதற்கு முந்தின வருடம் 26 ஆய்வுகளை, பதினையாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை, ஒன்றாக வைத்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு, ஆள் துணை இருந்தவர்களுக்கு வலிநேரம் குறைந்தது, சத்திரசிகிச்சையும் குறைந்தது என்று கண்டது. மருந்து அல்ல, இயந்திரம் அல்ல, ஓர் ஆள்! நம் நாட்டில் இது இடத்துக்கிடம் மாறுகிறது. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் மறைப்பு இல்லாத இடத்தில் ஆண்பிள்ளையை விடமாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. தாயை, தமக்கையை விடுவதுண்டு. விடுவார்களோ இல்லையோ, முன்கூட்டியே கேட்டு வைத்தால்தான் யார் வருவது என்று வீட்டில் தீர்மானிக்கலாம். வலி பிடித்த பிறகு வாசலில் நின்று வாதாட ஏலாது.

துணைக்கு வருகிறவர் சிங்களம் கொஞ்சம் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. வாட்டுக்கு வருகிற வைத்தியர் சிங்களத்திலோ இங்கிலீசிலோ கேட்கலாம். எப்போதிருந்து வலி, தண்ணீர் போனதா, என்ன நிறம், பிள்ளை அசைகிறதா என்ற நாலு கேள்விக்கும் பதிலை வகுப்பிலேயே இரண்டு மொழியில் சொல்லிப் பழகினால் அது பெரிய உதவி. இதை எந்த வகுப்பிலும் நான் காணவில்லை. நீங்கள் கேட்டால் செய்வார்கள் என்று நம்புகிறேன்.

இனிக் கணவன்மார் விசயம். உங்கள் ஆட்கள் பலர் கடலுக்குப் போகிறவர்கள். சோளகத்துக்கு ஒரு பக்கம், வாடைக்கு ஒரு பக்கம் என்று வாடி மாறிப் போய்க் கிடப்பார்கள். வகுப்பு வைக்கிற நாளில் கரையில் நிற்கமாட்டார்கள். நின்றாலும் "பொம்பிளையளுக்கு நடுவில நான் என்னத்துக்கு?" என்பார்கள். என் மனுசனும் அப்படித்தான். ஆனால் இராப் பன்னிரண்டு மணிக்கு வாகனம் பிடிக்கப்போவது அந்த ஆள்தான், இரத்தம் வேண்டும் என்றால் ஓடப்போவதும் அவர்தான். மூன்று வகுப்புக்கும் திகதியைப் பதிகிற அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். சுவரில் நாட்காட்டியில் குறியுங்கள். மூன்றாவது வகுப்புக்கு மட்டுமாவது வள்ளத்தைக் கரையில் விடச் சொல்லுங்கள். ஒரு நாள் தொழில் போகும். போகட்டும். ஆள் வரவே முடியாதென்றால் மாமியாரைக் கூட்டிப்போங்கள். சிரிக்காதீர்கள், விசயத்தோடுதான் சொல்கிறேன். வீட்டில் தீர்மானம் எடுக்கிறது அவர்தான் என்றால் அறிகுறிகள் தெரியவேண்டியதும் அவருக்குத்தான். சரக்கு அரைத்துக் கொடுப்பதில் அவரை வெல்ல ஆளில்லை. பிள்ளை பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் சீம்பாலைக் கொடுக்கவேண்டும், சீனித்தண்ணீர் தொடக்கூடாது என்பதை வைத்திய அதிகாரியின் வாயால் கேட்டால், வீட்டில் நீங்கள் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

கிளினிக் வகுப்பில் குறை இல்லை என்று சொல்லவரவில்லை. நான் போய் இருந்து பார்த்த ஒன்றில் முக்கால் மணித்தியாலம் கீரையும் இரும்புச்சத்துக் குளிசையும் திரிபோஷாவும்தான். பிரசவம் கடைசிப் பத்து நிமிடத்தில் ஓட்டமாக ஓடியது. நாற்பது பெண்கள்; ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சொல்லிக்கொடுத்தவரைக் குறை சொல்லமாட்டேன். ஒரு குடும்பநல உத்தியோகத்தருக்கு மூவாயிரம் பேரளவில் என்பது திட்டக் கணக்கு. வெற்றிடம் நிரம்பாத இடத்தில் ஒருவரே இரண்டு பிரிவைச் சுமக்கிறார். நண்டு உடைக்கப் போகிற பெண்கள், கருவாடு காயப்போடுகிற பெண்கள், ஒரு நாள் கூலியை விட்டுத்தான் வரவேண்டும் என்பதையும் திகதி வைக்கிறவர்கள் நினைக்கவேண்டும். எருக்கலம்பிட்டி, தாராபுரம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர், ஆண் வைத்தியர் படம் காட்டி விளங்கப்படுத்தினால் தலை நிமிராமல் இருந்துவிட்டு வருகிறோம் என்று என்னிடமே சொன்னார்கள். அந்தப் பகுதியைப் பெண் உத்தியோகத்தர் எடுத்தால் போதும், பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆனால் இதையெல்லாம் கேட்கவேண்டியது நீங்கள். வகுப்பு முடிந்ததும் "ஏதும் கேள்வி இருக்கா?" என்பார்கள். அப்போது கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பாதீர்கள். எது வெட்கமோ அதைக் கேளுங்கள். வெட்டுப் போடுவார்களா, தையல் எத்தனை நாளில் ஆறும், முக்கும்போது மலம் போனால் என்ன செய்வது? ஒருத்தி கேட்டால் முப்பத்தொன்பது பேர் மனதுக்குள் நன்றி சொல்வார்கள்.

எழுதுவதா விடுவதா என்று யோசித்த ஒன்றையும் எழுதத்தான் வேண்டும். 2024 யூலை இறுதியில், பிள்ளை பெற்று அதிக நாளாகாத இளந்தாய் ஒருவர் இரத்தப்போக்கோடு மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய் அங்கே இறந்துபோனார். அந்த ஆண்டு நவம்பரில் அதே வைத்தியசாலையில் பிரசவத்தின்போது ஒரு தாயும் அவருடைய சிசுவும் இறந்தார்கள். சனம் நியாயம் கேட்டு வீதிக்கு வந்தது. உங்களில் பலர் அந்தச் செய்திகளைப் பார்த்த பயத்தோடுதான் கிளினிக்குக்கு வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வகுப்புக்குப் போயிருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள் என்று யாராவது சொன்னால், அவரை நம்பாதீர்கள். அறிகுறி கண்டு வைத்தியசாலைக்குப் போவது தாயின் கடமை. போனவளைப் பார்ப்பது வைத்தியசாலையின் கடமை. முதலாவதைச் சரியாகச் செய்தவளிடம் இரண்டாவதற்குக் கணக்குக் கேட்கமுடியாது.

ஆனால் அதிலிருந்து வகுப்புக்கு நான் எடுத்துப்போகிற பாடம் ஒன்று உண்டு. நான் பார்த்த வகுப்பு பிள்ளை பிறக்கும் நேரத்தோடு நின்றுவிட்டது. ஆபத்து அதற்குப் பிறகும் ஆறு கிழமை கூடவே நிற்கிறது. துணி ஒன்றை ஒரு மணித்தியாலத்துக்குள் தோய்க்கிற இரத்தம், நாற்றமடிக்கிற போக்கு, காய்ச்சல், கண் மங்கி மண்டையைப் பிளக்கிற தலையிடி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், மூச்சுத் திணறல். இவற்றில் ஒன்று வந்தாலும் துடக்கு முடியட்டும் என்று இருக்கக்கூடாது, விடியட்டும் என்றும் இருக்கக்கூடாது. போகும்போது தனியே போகாதீர்கள். விடுதி வாசலில் உங்களுக்காகச் சத்தமாகக் கதைக்கக்கூடிய ஓர் ஆள் கூட வரவேண்டும். அந்த ஆளும் வகுப்பில் இருந்தவராக இருந்தால், "ஏதோ சுகமில்லையாம்" என்று சொல்லமாட்டார். "பெத்து இத்தனை நாள், இத்தனை மணியிலிருந்து இரத்தம் போகுது, இத்தனை துணி மாத்தியாச்சு" என்று சொல்வார். விடுதியில் எடுபடுகிற கதை அதுதான்.

பிறகு அழுகை. பிள்ளை கையில் கிடக்க, ஒரு காரணமும் இல்லாமல் கண்ணீர் வரும். சில நாளில் தானாகப் போனால் சரி. போகாவிட்டால், நித்திரை இல்லை, பிள்ளையைப் பார்க்கவே மனமில்லை என்றால், அதுவும் வருத்தம்தான், காய்ச்சலைப் போல. குடும்பநல உத்தியோகத்தர் முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை வீட்டுக்கு வரவேண்டும். வரும்போது மாமியாருக்கு முன்னால் சொல்லமுடியாவிட்டால் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். கொட்டிலில் இருந்த காலத்தில் எனக்கு அது வந்தது. சண்டைக்கால அழுகை என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான்.

அயல்வீட்டுப் பிள்ளை போன கிழமை இரண்டாவது வகுப்புக்குப் போய்வந்தாள். அவளுடைய கணவன் வரவில்லை, மாமியார் வந்திருக்கிறார். வந்த அன்று பின்னேரம் மாமியார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டு, "ரீச்சர், பிள்ளை துடிக்கிறதை எண்ண வேணுமாமே, எங்கட காலத்தில ஆர் எண்ணினது?" என்றார். நானும் எண்ணவில்லை. நீங்கள் எண்ணுங்கள். ஏழாவது மாதத்திலிருந்து ஒவ்வொரு நாளும். அசைவு குறைந்ததாகப் பட்டால் அன்றைக்கே, அடுத்த கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிராமல், போங்கள்.

அடுத்த முறை அந்த வாங்கில் இருக்கும்போது கொப்பியின் பின் மட்டையில் இரண்டு விசயம் எழுதி வையுங்கள்: மூன்று வகுப்புக்கும் திகதி, உங்களோடு உள்ளே வரப்போகிறவரின் பெயர்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
பேசாலை